மோதினாரின் குதிக்கால்

என் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேரே வந்திருந்தார். நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"செருப்பக் கால்ல போடாமக் கையில தூக்கிட்டு வாரீங்க. என்ன இது?"

கதிரையில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துக் காட்டினார். குதிக்கால் வெடித்துப் பிளந்திருந்தது. பல நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் பலகைகள் விட்டுப்போவது போல, வெடிப்புகளுக்குள் இருட்டுத் தெரிந்தது. ஒன்றிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"ஹாஜியார் ரெத்தத்தக் கண்டுட்டாரு," என்றார்.

எந்த ஹாஜியார் என்று நான் கேட்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். வெறுமனே ஹாஜியார் என்றால் பள்ளித் தலைவர்தான். இறால் பண்ணைக்காரர். அந்த வருடம் பள்ளிக்குப் புதுக் கார்பட் போட்டுக் கொடுத்தவரும் அவரே. வெளிர் நிறக் கார்பட். உப்புக் களப்புக்கும் கருவாடு காயவைக்கிற வாடிக்கும் நடுவில் இருக்கிற பள்ளிக்கு யாராவது வெளிர் நிறத்தில் கார்பட் வாங்குவார்களா? அவர் வாங்கினார். பின்வாசலிலிருந்து பாங்கு சொல்லும் இடம் வரைக்கும் அதில் சிவப்புப் பொட்டுகள் விழுந்திருந்தன. என் வீட்டுக்காரர்தான் அந்தப் பள்ளியின் மோதினார். ஐந்து நேரமும் பாங்கு சொல்லி, பள்ளியைக் கூட்டிக் கழுவி வைக்கிற வேலை.

"என்ன சொன்னாரு?"

"ரெத்தம் நஜீஸ், அது பட்ட எடத்துல ஆக்கள் எப்பிடித் தொழுறதுண்டு கேட்டாரு. வார மாசம் நிர்வாகக் கூட்டம் இரிக்கி. அதுக்கு முந்திக் கால் சரியாகணுமாம். இல்லாட்டி வேற ஆளப் பாக்கிறாங்களாம்."

"கார்பட்ட ஆரு கழுவின?"

"நாந்தான். எந்தெந்த எடமுண்டு அவரு காட்டினாரு."

நான் மீன் சட்டியைத் தள்ளி வைத்தேன். ஹாஜியாரின் பரம்பரையைப் பற்றி அப்போது நான் சொன்னதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மெல்லமாப் பேசு, மதிலுக்கு அங்கால ஆள் இரிக்கி," என்றார்.

இங்கே எங்கே குளிர்?

மலைநாட்டு நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். புத்தளத்தில் குளிராம், கால் வெடித்ததாம். சிரிக்கட்டும்.

மார்கழியும் தையும் எங்கள் பக்கம் வாடை அடிக்கும். மழை விட்ட பிறகு வருகிற காற்று அது. பகலில் வெயில் சுடும், அதனால் குளிர் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். விடியற்புறம் களப்புக்கரையில் நின்று பார்த்தால்தான் தெரியும். காற்றில் ஈரம் இருக்காது, உப்பு இருக்கும். கொடியில் போட்ட சாரம் மட்டை போல விறைத்துக் கிடக்கும். உதடு வெடிக்கும். காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது சீனி அந்த வெடிப்பில் பட்டு எரியும். கைகால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். நகத்தால் கீறினால் எழுத்து விழும். என் சின்ன மகள் தன் முழங்காலில் கணக்குப் போட்டு, எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அடுத்த கணக்கைப் போடுவாள்.

போதாததற்குக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. சவுக்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுவோம். தோலில் மிச்சம் இருக்கிற எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடும்.

இதற்குப் பத்திரிகைகளின் பெண்கள் பக்கத்தில் மருந்து எழுதுகிறார்கள். பாலாடையும் தேனும் குழைத்துப் பூசுங்கள் என்று. எங்கள் வீட்டில் பாலாடை இருந்தால் அதைப் பிள்ளை தின்னும். இன்னும் சிலர் முகத்தை வெள்ளையாக்கும் கிரீமைக் கால் வெடிப்புக்கும் பூசுகிறார்கள். முகத்துத் தோலையே வெங்காயத் தோல் மாதிரி ஆக்குகிற சாமான் அது. அதை விற்கிறவனை வாடைக்காற்றில் வெறுங்காலோடு உப்பளத்தில் ஒரு நாள் நிறுத்த வேண்டும்.

மோதினாரின் காலுக்கு எல்லாக் கெடுதலும் ஒன்றாய் வந்தது. விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்கு முந்தி எழும்பி, உப்புத் தண்ணீரில் கைகால் கழுவி ஒழு எடுத்து, ஈரக்காலோடு வாடையில் நடந்துபோவார். பிறகு வெறுங்காலோடு சீமெந்துத் தரையைக் கழுவுவார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை காலை நனைத்து ஐந்து தடவை காற்றில் காயவைத்தால் கருங்கல்லும் வெடிக்கும்.

கடலுக்குப் போன காலத்தில் அவருக்கு ஒருநாளும் வெடிப்பு வந்ததில்லை. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்றார், ஒன்றும் ஆகவில்லை. வள்ளத்துக்குள் மீன் நெய் ஊறிக் கிடக்கும், அதில் நின்று நின்று கால் எப்போதும் மினுமினுவென்று இருக்கும். நாற்றம் வேறு விஷயம்.

வந்தவர்கள்

நாங்கள் மன்னார் ஆட்கள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது வந்தோம். அந்தக் கதையை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன், திரும்ப எழுத மாட்டேன். ஒன்று மட்டும். தோணியிலிருந்து இந்தக் கரையில் கால் வைத்ததும், 'இந்த மணல் எங்கள் மணலைவிடப் பருமன்' என்று நினைத்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு முதலில் தோன்றியது அவ்வளவுதான்.

இங்கே கடல் இருந்தது. ஆனால் வலை விரித்துப் பாடு வைக்கும் இடமெல்லாம் இந்த ஊர் ஆட்களுடையது. என் வீட்டுக்காரர் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். இங்கே அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனார். யுத்தம் முடிகிற நேரம் வலை இழுக்கும்போது விழுந்து முதுகெலும்பு பிசகியது. இனிக் கடல் சரிவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாட்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே மோசமான நாட்கள். இடம்பெயர்ந்து வந்தது கூட அவ்வளவு மோசமில்லை. ஒரே வேலியைத் திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் வர மாட்டார். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்க் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். அவருக்கு அதற்கும் முதுகு இல்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் பழைய மோதினார் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில். பின்னேரத்து அஸருக்கு நேரமாகியும் பாங்கைக் காணவில்லை. இவர் எழும்பிப் போய்ச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். மன்னாரில் கடலில் தூரத்து வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல் அது. அப்படி ஒரு குரல் இவருக்குள் மிச்சம் இருக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஹாஜியார் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். அடுத்த கிழமை ஆள் அனுப்பி வேலையைக் கொடுத்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், கொடுத்தது அவர்தான்.

"அகதிக்குக் குடுத்துட்டாங்க" என்று ஊருக்குள் கதைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறோம், என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், இன்னும் அகதி. கதைத்தவர்கள் கதைக்கட்டும். அவர் காலையில் எழும்பிப் போக ஒரு இடம் வந்தது. வேலி பிழைத்தது. அந்த இடம்தான் இப்போது ஒரு குதிக்கால் வெடிப்பால் போகப்போகிறது. எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது தெரியும்தானே.

மெழுகு

அவர் தன் பாட்டுக்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டிருந்தார். சவரம் செய்கிற பிளேட்டால் குதிக்காலைச் சீவுவது. தடித்த தோல் போனால் வெடிக்காது என்பது அவர் கணக்கு. சீவச் சீவ உடம்பு அந்த இடத்தில் இன்னும் தடிப்பாகத் தோலை வைக்கும், அது இன்னும் ஆழமாக வெடிக்கும். பிளேட்டைப் பிடுங்கி மலசலகூடக் குழிக்குள் போட்டேன்.

என் வைத்தியம் மெழுகு. மெழுகுதிரியில் ஒரு துண்டை நறுக்கி, அதைவிடக் கூடத் தேங்காயெண்ணெய் சேர்த்து, சிறிய கிண்ணத்தில் போட்டு, கொதித்த தண்ணீருக்கு மேல் பிடித்தால் உருகிவிடும். நேராக அடுப்பில் வைக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும். ஆறி, விரலால் எடுக்கிற பதத்துக்கு வந்ததும் வெடிப்புக்குள் வைத்து அழுத்த வேண்டும். தேன் மெழுகு கிடைத்தால் அதைவிட நல்லது. எங்களுக்குக் கிடைத்தது கரண்ட் போனால் கொளுத்துகிற மெழுகுதிரி.

நான் காலைப் பிடித்துக்கொண்டு அடைக்க, அவர் மேலே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கிற மாதிரி அடைக்கிறா."

"வள்ளமெண்டா அடச்சுக் கடல்ல தள்ளிடலாம்," என்றேன். "உங்கள எங்க தள்ளுறது?"

மூன்று நான்கு நாள் இரத்தம் வரவில்லை. அவர் குதியை ஊன்றி நடந்தார். நான் என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் நிற்காத கால்

ஒரு நாள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டியடியில் பக்கத்தில் ஒழு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இவர் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம், "நானா, உங்கட குதியில தண்ணி நிக்கிதில்லயே?"

மெழுகின் மேல் தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியிருக்கிறது, சேம்பிலையில் ஓடுகிற மாதிரி. தொழுகைக்கு முந்தி முகம், கை, கால் கழுவும்போது தண்ணீர் தோலில் பட வேண்டும். படாமல் நடுவில் ஒன்று இருந்தால் ஒழு கூடாது. ஒழு இல்லாவிட்டால் தொழுகை இல்லை. இது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடிப்புக்கு உள்ளே இருப்பதும் தோல்தான் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இவர் மௌலவியிடம் போய்க் கேட்டார். எங்கள் மௌலவி இளம் வயது, மெல்லமாய்ப் பேசுகிறவர். வெறும் எண்ணெய் என்றால் பரவாயில்லை, மெழுகு என்றால் எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்றார். அப்படியே தொழுத தொழுகைகளைத் திருப்பித் தொழவும் சொன்னார்.

நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது இவர் நிலத்தில் உட்கார்ந்து சட்டை ஊசியால் குதியைத் தோண்டிக்கொண்டிருந்தார். மெழுகோடு சேர்ந்து சதையும் வந்தது.

"என்ன செய்றீங்க?"

"மெழுக எடுக்கிறன். அஸருக்கு நேரமாகுது."

"எடுத்துட்டு?"

"தொழுதுட்டு வந்து திரும்ப அடச்சுக்குவம்."

"மஃரிபுக்கு?"

"எடுக்கணும்."

"இஷாவுக்கு?"

அவர் ஊசியை இன்னும் ஆழமாய் விட்டார்.

"காலா கதவா இது? தொறந்து தொறந்து மூடுறதுக்கு."

ஊசியைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். அவர் என்னோடு அப்படி நடப்பவர் அல்ல. "ஊரத் தொழுகைக்குக் கூப்பிடுறவன் நான். என்ட தொழுகையே சரியில்லாமப் போயிட்டுது. வெளங்குதா உனக்கு?" என்றார்.

விளங்கியது. விளங்கியதால்தான் இன்னும் கோபம் வந்தது. ஹாஜியார் மேல், மௌலவி மேல், அந்தத் தண்ணீர்த் தொட்டியடிக் கண்காரன் மேல், என் மெழுகின் மேல். அல்லாஹ் மேல் மட்டும் வரவில்லை. அவனுக்கு என் புருஷனின் காலைத் தெரியும்.

இரண்டு நாளில் கால் முன்பைவிட மோசம். பெருவிரலில் ஊன்றி நடந்தார். பள்ளிக்குப் போகும்போது பழைய சாரத்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, வாசலில் அவிழ்த்துவிட்டு, பாங்கு சொல்லும் இடத்துக்கு நுனிக்காலில் போவாராம்.

மதிலுக்கு அங்கால இருக்கும் கதீஜா ராத்தாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "மோதினார்ர நன்மையெல்லாம் மெழுகுதிரி மாதிரி உருகிப் போயிட்டாம், மெய்யா புள்ள?" என்று கேட்டார்.

"உங்கட வாய்க்குப் பூச என்னட்டக் கொஞ்சம் மிச்சம் இரிக்கி, தரவா?" என்றேன்.

தோல் மேஸ்

அந்தப் பின்னேரம் சட்டி பானை கழுவ உட்கார்ந்தேன். வாளித் தண்ணீர் குளிர்ந்து போயிருந்தது. கையை விட்டதும் விரல் மூட்டுகளில் சுரீரென்று எரிந்தது. என் கையும் வெடித்துத்தான் இருந்தது, அதுவரை பார்க்கவில்லை. அந்த எரிச்சலோடு ஜோர்தான் ஞாபகம் வந்தது.

யுத்தம் நடக்கும்போது நான் ஜோர்தானில் வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். குளிர் என்றால் அது குளிர். காலையில் பல்கனி வாளியில் தண்ணீர் கண்ணாடியாய் இறுகிக் கிடக்கும். பிளீச் ஊற்றி நிலம் துடைத்துத் துடைத்து என் கை பாண் வெடித்த மாதிரி வெடித்தது. வீட்டு மேடம் ஒரு டப்பா வெசலினும் ஒரு சோடி பருத்தி மேஸும், அதாவது காலுறையும், தந்தார். கையில் ஈரம் காய முந்திப் பூசி, மேஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார். காலுக்குப் போடுகிறதைக் கைக்குப் போடச் சொல்கிறாளே என்று வெறுப்போடு போட்டேன். ஒரு கிழமையில் கை பஞ்சுபோல மெதுவாகிவிட்டது. அப்போது விளங்கியது. எதைப் பூசுகிறோம் என்பது பெரிய விஷயமில்லை. பூசியதைக் காற்றுப் படாமல் மூடி வைக்கிறோமா என்பதுதான் விஷயம்.

மூட வேண்டும். ஆனால் ஐந்து நேரம் கழுவுகிற காலை எப்படி மூடுவது?

அப்போதுதான் அந்த மேடத்தின் வாப்பா ஞாபகத்துக்கு வந்தார். அவர் குளிர் காலத்தில் கால் கழுவ மாட்டார். கறுப்புத் தோலில் தைத்த மேஸ் போட்டிருப்பார். ஒழு எடுக்கும்போது முகமும் கையும் கழுவி, ஈரக் கையால் அந்தத் தோலின் மேல் ஒரு தடவு தடவிவிட்டுத் தொழப் போய்விடுவார். 'இவ்வளவு பெரிய மனுசன், கால் கழுவப் பஞ்சிப்பட்டுக்கொண்டு தொழுறாரே' என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். ஒருநாள் மேடத்திடம் கேட்டும்விட்டேன். அவர் சிரித்துவிட்டு, காலைக் கழுவிப் போட்டுக்கொண்டால் ஒரு பகல் ஒரு இரவுக்கு அது போதும், மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்றார்.

கரி பூசின கையைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு மௌலவி வீட்டுக் கேற்றடிக்குப் போனேன்.

"மௌலவி, தோல் மேஸ் போட்டா அதுக்கு மேல தடவினாப் போதுமா?"

அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். "குஃப்பயா கேக்கிறீங்க?"

"பேரு எனக்குத் தெரியா. ஜோர்தான்ல கண்டன்."

"ஓம், போதும். மத்ரஸாவில ஓதக்குள்ள படிச்சம், சோதினைக்கும் வந்தது. ஆனா அதப் போட்ட ஒரு ஆளயும் நான் இந்தப் பக்கம் கண்டதில்ல. இந்த வெயிலுக்குள்ள ஆருக்குத் தேவ?"

"என்ட மனுசனுக்குத் தேவ."

அவர் முகம் மாறிவிட்டது. சந்தோசம் வந்துவிட்டது அந்த முகத்தில். படித்த ஒன்றுக்கு ஆள் கிடைத்த சந்தோசம். விரல் விட்டுச் சொன்னார். முதலில் காலை நன்றாகக் கழுவி முழு ஒழுவோடு போட வேண்டும். கரண்டைக்கால் மூட வேண்டும். நடந்தால் கிழியாத தோலாக இருக்க வேண்டும். ஒரு நாள் முடிந்தால் கழற்றிக் கழுவ வேண்டும்.

"ஒழு முடிஞ்ச பொறகு மெழுகப் பூசிட்டு அதப் போடலாமா?"

"ஒழு முடிஞ்ச பொறகு பூசினா ஒழு முறியாது. பூசிட்டுப் போடலாம். தாராளமா."

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"அண்டைக்கு மோதினார் நானா மெழுகப் பத்தித்தானே கேட்டாரு," என்றார்.

அது நியாயம். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

புத்தளம் பஸ் நிலையத்தடியில்

புத்தளத்தில் எந்தச் சப்பாத்துக் கடையிலும் அப்படி ஒரு சாமான் இல்லை. கேட்ட இடமெல்லாம் சிரித்தார்கள். கடைசியில் பஸ் நிலையத்தடியில் குடைக்குக் கீழே செருப்புத் தைக்கும் அண்ணனிடம் போனேன். தைக்கலாம், மெதுவான தோல் வேண்டும் என்றார்.

மெதுவான தோல் என்னிடம் இருந்தது. ஜோர்தானை விட்டு வரும்போது மேடம் தந்த கைப்பை. மண்ணிறத் தோல், பெரியது. அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைத்து, கலியாணத்துக்கு மட்டும் எடுப்பேன். அடுத்த நாள் அதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"இதையா தங்கச்சி வெட்டச் சொல்றீங்க? நல்ல பேக்கு."

"வெட்டுங்க அண்ணன். பேக்கு பாங்கு சொல்லாது."

அவருக்கு விளங்கவில்லை. "ஆருக்கு இது? பனி நாட்டுக்குப் போறாரா?"

"ஓம். ஒரு நாளைக்கு அஞ்சு தரம் போறாரு."

கத்தரி ஓடியபோது நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தைத்து வந்தது ஒரு அலங்கோலம். ஒரு காலில் பை வாரைத் தைத்திருந்த தடம் நீளமாய்க் கிடந்தது. மற்றதில் சிப் வைத்த இடத்தை இரட்டைத் தையலால் மூடியிருந்தார். ஆனால் கால் நுழைந்தது, கரண்டை மூடியது, தண்ணீர் உள்ளே போகவில்லை.

ஊருக்குள் அடுத்த பிரச்சினை கிளம்பியது. கதீஜா ராத்தா கொண்டு வந்தார். "வெளிநாட்டுத் தோலாம் புள்ள. பண்டித் தோலா இரிக்குமோண்டு கதைக்கிறாங்க."

"அரபி வீட்டுப் பேக்கு ராத்தா. அவங்க பண்டிய வாங்கி அலுமாரிக்குள்ள வெப்பாங்களா? கதைக்கிறவங்களக் கூட்டிட்டு வாங்க, மோந்து பாக்கட்டும்."

ஒருவரும் வரவில்லை.

காலை வேலை

சுபஹுக்கு முந்தி நான் எழும்பித் தண்ணீர் சுடவைப்பேன். கொதிக்கக் கூடாது, கை பொறுக்கிற சூடு. கொதித்த தண்ணீர் தோலை இன்னும் காயவைக்கும். பழைய மெழுகைப் பயறு மாவால் தேய்த்து எடுத்து, தேங்காய்த் தும்பால் மெல்லமாய் உரசினால் செத்த தோல் அவித்த வத்தாளைக் கிழங்கின் தோல் போலக் கழன்று வரும். ஊசி இல்லை, பிளேட் இல்லை, சவுக்காரம் இல்லை. பிறகு அவர் ஒழு எடுப்பார். காலைத் துவாயால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய முந்தி மெழுகெண்ணெயைத் தடிப்பாய்ப் பூசி, தோல் மேஸைப் போடுவோம். அடுத்த நாள் சுபஹ் வரைக்கும் உப்புத் தண்ணீரும் இல்லை, வாடையும் இல்லை.

முதல் நாள் அவர் வெட்கப்பட்டார். சாரத்தை நிலம் கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டிக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டியடியில் எல்லாரும் காலை நீட்டிக் கழுவ, இவர் பைத்தோலில் தடவினால் விடுவார்களா? 'சப்பாத்து மோதினார்' என்று பெயர் வைத்தார்கள். மௌலவி பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் சட்டம் விளக்கிக்கொண்டிருந்தாராம், கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும்.

சில நாளில் இவருக்கே அது பிடித்துவிட்டது. "மன்னார்ல எனக்குச் சப்பாத்து இரிக்கல்ல. இப்ப ஜோர்தான் சப்பாத்து," என்று காலை ஆட்டிக் காட்டுவார். அந்த மனுசன் பகிடி விட்டு எத்தனை வருடம்.

வெடிப்பு உடனே மூடவில்லை. முதலில் ஓரங்கள் மெதுவாயின. பிறகு அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல் தெரிந்தது. ஒரு காலை நான் பெருவிரலால் அழுத்தினேன். அவர் காலை இழுக்கவில்லை. பாங்குக்கு நேரமாகிவிட்டது, மெழுகைப் பூசினேன்.

கூட்டம்

கூட்டம் ஜும்ஆவுக்குப் பிறகு. பெண்களுக்கு அங்கே என்ன வேலை? அவர் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் தோல் மேஸைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். இவர் கழற்றினார். ஹாஜியார் தானே குனிந்து குதியைப் பார்த்தார். பிறகு எழும்பி, பாங்கு சொல்லும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும் கார்பட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார். போனார், வந்தார்.

நிர்வாகத்தில் ஒருவர், "இந்த ஊர்ப் பையன் ஒருத்தன் தயாரா இரிக்கான் ஹாஜியார். கேட்டும் பாத்தாச்சு," என்றாராம்.

"அவன்ட கொரலுக்கு ஆடும் எழும்பாது," என்றார் ஹாஜியார். "இவரு இரிக்கட்டும்."

அவ்வளவுதான். கார்பட்டைக் கழுவ வைத்ததற்கு ஒரு சொல் இல்லை. வேறு ஆள் பார்த்ததற்கு ஒரு சொல் இல்லை. 'இரிக்கட்டும்', ஒரு சொல். நான் அதையே இரண்டு மூன்று தரம் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்திருந்து, அஸருக்குக் கிளம்பிப் போனார். குதியை ஊன்றி, முழுப் பாதத்தில்.

அவர் தலை மறைந்ததும் கதீஜா ராத்தா மதிலடிக்கு வந்தார். "என்ன புள்ள சொன்ன ஹாஜியார்? நிப்பாட்டிட்டாங்களா?"

"நிப்பாட்டுறதா? கேளுங்க ராத்தா, அந்த ஹாஜியார் இரிக்காரே..." என்று தொடங்கினேன். இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. நல்ல நீளமான வசனமாய் வந்திருக்கும்.

பாங்கு தொடங்கியது.

பாங்கு சொல்லும்போது எங்கள் ஊரில் கதைக்க மாட்டோம். நான் முக்காட்டை இழுத்தேன். ராத்தாவும் இழுத்தார். வாடை அடித்துக்கொண்டிருந்தது. குரல் களப்புப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. எந்த இடத்திலும் அவர் மூச்சுக்காக நிறுத்தவில்லை. காலை மாற்றி ஊன்றுகிறவன் குரல் அப்படி வராது.

முடிந்ததும் ராத்தா கேட்டார். "ம், சொல்லு. ஹாஜியாருக்கு என்ன?"

யோசித்துப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்டுமில்ல," என்றேன். "உள்ளுக்கு வாங்க ராத்தா, தேத்தண்ணி குடிப்பம்."